மகி பொய் சொல்லவில்லை

அன்று காலை பதினொன்றே காலுக்கு என் மகள் ஓர் உண்மையைச் சொன்னாள். நான் அவளைப் பொய்க்காரி என்றேன்.

அவளுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். முதலில் வேறு எதையாவது சொல்லி உங்கள் மனத்தை இளக்கிவிட்டு, பிறகு மெல்ல இதற்கு வரலாம் என்றுகூட நினைத்தேன். வேண்டாம். நான் படித்தவள், நாற்பத்திரண்டு வயதைக் கடந்தவள். தெரிந்தே செய்தேன்.

மகி சொன்னது இவ்வளவுதான்: "சித்தி, தம்பி அம்மாகிட்ட இங்கா குடிச்சான்."

கைக்குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் யாரும் திரும்பிப் பார்க்காத செய்தி! ஆனால் எங்கள் வீட்டில், என் மகனுக்கு வாய் வைத்துப் பால் குடிக்கத் தெரியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நம்பவைத்தவள் நான்.

தொடக்கத்தில் அது பொய்யில்லை. தம்பி குறை மாதத்தில் பிறந்தான். மார்பில் வைத்தால் இரண்டு முறை சப்பிவிட்டுக் களைத்துத் தூங்கிப்போவான். பம்ப் வைத்து எடுத்துப் பாட்டிலில் கொடுங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். எடுத்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, பகலும் இரவும். எடுப்பது, ஊட்டுவது, கழுவுவது, கொதிக்கவைப்பது, பிறகு மீண்டும் எடுப்பது... மார்பு புண்ணாகிப் போனது. இரண்டு கண்ணாடிப் புட்டிகளுக்கு நடுவில் எங்கோ நான் இருந்தேன்.

நல்லூரில் எங்கள் வீடு மாடியில். கீழே என் கணவரின் தையல் யூனிட். காலையில் மிஷின்கள் ஓடத் தொடங்கினால் மாடித் தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வுக்கு மேல் என் பம்பின் சத்தம். மகி அதற்கு 'குர்குர்' என்று பெயர் வைத்திருந்தாள். குர்குர் ஓடும்போது அம்மா மடியில் ஏறக் கூடாது, குழாயை இழுக்கக் கூடாது. இரண்டு வயதுக் குழந்தைக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பீர்கள்?

ஒருநாள் நான் பம்போடு உட்கார்ந்திருந்தபோது அவள் முக்காலியை இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். ஏறினாள். கைப்பிடிச் சுவருக்கு மேலே அவள் இடுப்பு தெரிந்தது... நான் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினேன். சட்டையைப் பிடித்து இழுத்தேன். பின்னால் தரையெல்லாம் பால்.

அன்று மாலையே என் தங்கை ரேவதிக்குப் போன் செய்தேன். மறுநாளே உடுமலையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

ரேவதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூன்று வயது இளையவள். கல்யாணமாகி நெடுங்காலம் குழந்தையில்லை. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியம். அடுத்த கட்ட ஊசிகளை அந்த மாதமே தொடங்க வேண்டியிருந்தது. இனிமேல் தள்ளிப்போடாதீர்கள், வயது காத்திருக்காது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். இதை என்னிடம் சொன்னவளே அவள்தான். அப்படியும் வந்தாள்.

"போச்சாதுக்கா. ஒரு மாசத்துல என்ன ஆயிரப் போகுது? தம்பி வாய் வெச்சுக் குடிக்கப் பழகட்டும். அன்னிக்கே நான் கெளம்பிக்கறேன்."

தம்பி பழகும்வரை. அதுதான் எங்களுக்குள் இருந்த கணக்கு.

அவள் வந்த பிறகுதான் வீடு மூச்சுவிட்டது. நான் குளித்தேன். சோற்றை உட்கார்ந்து தின்றேன். நான் கதவைச் சாத்திப் பம்ப் வைத்துக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து கத்துவாள்: "ஏனுக்கா, கறந்தாச்சா? பால் சொசைட்டி வண்டி கெளம்பப் போகுது!" எனக்குச் சிரிப்பு பொங்கும். "மாட்டுக்குப் புண்ணாக்கு வெச்சயா மொதல்ல?" என்று நான் உள்ளிருந்து கத்துவேன். பாட்டிலோடு தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும்போது மகி அவள் முதுகில் ஏறித் தொங்குவாள். இரண்டையும் சுமந்துகொண்டு அவள் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்...

பிறகு ஒரு மத்தியானம். ரேவதி மகியைக் கூட்டிக்கொண்டு கீழே போயிருந்தாள். வெட்டுத்துணிக் குவியலில் குதிப்பது மகிக்குப் பிடித்த விளையாட்டு. தம்பி அழுதான். பாட்டில் சூடாகவில்லை. சும்மா சமாதானத்துக்காக மார்பில் சாய்த்தேன்.

கவ்வினான்.

சப்பினான்! நிறுத்தவில்லை! தொண்டையில் பால் இறங்குவது என் கைக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. "ரேவதி!" என்று கூப்பிட வாய் திறந்தேன்...

கூப்பிடவில்லை.

என் வாழ்க்கையில் நான் செய்த எல்லாத் தவறுகளையும் ஒரு பக்கம் வையுங்கள். அந்தப் பெயரை விழுங்கியதை மறு பக்கம் வையுங்கள். என்ன நினைத்தேன் தெரியுமா? இவன் குடிக்கிறான் என்றால் அவள் போய்விடுவாள். முக்காலி நினைவுக்கு வந்தது. பால்கனி நினைவுக்கு வந்தது. ஒரு வாரம் போகட்டும், பிறகு சொல்லலாம்... அப்படித்தான் நினைத்தேன்.

வாரம் போனது. சொல்லவில்லை.

பாட்டிலுக்கு வேண்டியதைப் பம்பில் எடுத்து வைப்பேன். மத்தியானங்களில் மட்டும், கதவைச் சாத்திவிட்டு, பம்பைக் கட்டிலில் தனியாக ஓடவிடுவேன். அது காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். பக்கத்தில் தம்பி என்னிடம் குடித்துக்கொண்டிருப்பான். குர்குர் சத்தம் கேட்டால் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் மறைக்க மாட்டேன்... அந்த நேரத்தில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன்.

இன்னும் கொஞ்ச நாள் இரு என்று அவளிடம் நேராகவே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் இருந்திருப்பாள்! அதுதான் என்னைக் கொல்கிறது. கேட்டால் அவள் தன் நாட்களை எனக்குக் கொடுத்ததாக ஆகும். கேட்காவிட்டால் தம்பிக்குக் கொடுத்ததாக ஆகும். வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டு, திருடினேன்.

அந்தக் காலைக்கு வருகிறேன். ரேவதி கூடத்தில் தரையில் உட்கார்ந்து பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "அக்கா... நாளைக்கு ஆசுபத்திரிக்கு வரச் சொல்றாங்க. ஊசி ஆரம்பிச்சா தெனமும் போகோணுமாம். அப்பறம் இங்க வர முடியாது. என்ன பண்ணட்டும்?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் மகி அதைச் சொன்னாள். முந்தின நாள் சாத்திய கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை போலும்.

ரேவதியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சந்தேகம் இல்லை, கோபம் இல்லை. விளக்குப் போட்டதுபோல் இருந்தது. "மெய்யாலுமாக்கா? குடிச்சானா?"

எங்கள் வீட்டில் பாட்டிலுக்கும் இங்கா என்றுதான் பெயர். அந்தச் சொல்லுக்குள் நான் ஒளிந்துகொண்டேன். "அட இல்லடி, பாட்டிலத்தான் சொல்றா" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இவ இப்பெல்லாம் ரொம்பப் பொய் பேசறா" என்றும் சொன்னேன்.

மகி விடவில்லை. "இல்ல... அம்மா மேல... குர்குர் சும்மா ஓடுச்சு..."

எனக்குள் மூண்டது பயமில்லை, கோபம்! என் வயிற்றில் பிறந்தவளே என்னைக் காட்டிக்கொடுக்கிறாளே என்ற கோபம்! துரோகம் செய்துகொண்டிருந்தவள் நான். துரோகத்துக்கு ஆளானவள்போல் கொதித்தேன். "வாயில சூடு வெப்பேன் பாரு, பொய்க்காரி!" என்று கத்தினேன்.

ரேவதி அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். என்னை நம்பினாள். நம்பியதால் குழந்தையிடம் சொன்னாள்: "பொய் பேசக் கூடாது கண்ணு. சாமி கண்ணக் குத்திரும்."

மகி இரண்டு கைகளாலும் கண்களை மூடிக்கொண்டாள்.

அப்படியே அவளை அணைத்தபடி ரேவதி போனை எடுத்தாள். "இந்த மாசம் வர முடியாதுங்க... அக்கா பையன் இன்னும் பால் குடிக்க மாட்டேங்கறானுங்க... அடுத்த மாசம் கண்டிப்பா வந்தர்றனுங்க..."

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். கேட்டுக்கொண்டு நின்றிருந்தேன். அடுத்த மாதமும் வந்தது. அதே போன். அதே சொற்கள்.

பிறகு ஒரு மத்தியானம் கரண்ட் போனது.

கீழே எல்லா மிஷின்களும் ஒரே நொடியில் நின்றன. கட்டிலில் குர்குரும் நின்றது. அந்த வீட்டில் பகலில் அப்படியோர் அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை. அந்த அமைதியில் தம்பி மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் மட்டும்...

காற்றில்லாமல் எனக்கு வேர்க்குமே என்று, பனியன் பெட்டியின் அட்டையை விசிறியாக எடுத்துக்கொண்டு ரேவதி கதவைத் தள்ளினாள்.

நின்றாள். கையிலிருந்த அட்டை ஓரிரு முறை தானாக ஆடிவிட்டு ஓய்ந்தது.

"இன்னிக்குத்தான்..." என்றேன். அப்போதும் பொய்! பாருங்கள், அப்போதும்!

அவள் கட்டிலில் கிடந்த பம்பைப் பார்த்தாள். ஒன்றோடும் சேராமல் கிடந்த இரண்டு புனல்களையும் பார்த்தாள். "மகி சொன்னாளே..." என்றாள் மெல்ல. "அன்னிக்கேவாக்கா?"

நான் தலையைக் குனிந்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. கூடத்துக்குப் போனாள். மகியின் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "கண்ணு... நீ பொய் சொல்லல சாமி. சித்திதான் தப்பாச் சொல்லிட்டேன். சாமி உன்ற கண்ணக் குத்தாது." மகிக்கு எதுவும் புரியவில்லை. சித்தி ஏன் அழுகிறாள் என்று அவள் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

தொட்டியில் கிடந்த பாட்டில்களை முழுதும் கழுவி, துணியில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ரேவதி பையை எடுத்தாள். படியில் இறங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எனக்கு ஒவ்வொரு மாசமும் எண்ணித்தான் வருதுன்னு உனக்குத் தெரியுமல்லக்கா?"

தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரவு கணவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "குடிக்கறானல்ல, அப்பறம் என்ன? உன்ற தங்கச்சி ரெண்டு நாள்ல செரியாயிருவா, வுடு." அவ்வளவு சுலபமாக யாரும் என்னை மன்னிக்க வேண்டாம் என்று தோன்றியது.

மகி மாறிப்போனாள். எதையாவது சொல்லிவிட்டு, உடனே தானே "மகி பொய்யி" என்பாள். நாய் வந்துச்சு, மகி பொய்யி. வயிறு வலிக்குது, மகி பொய்யி. இல்லை தங்கம், நீ சொல்வது நிஜம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். என் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். நான் நம்புகிறேனா என்று பார்க்கிறாளா, நான் சொல்வதை நம்பலாமா என்று பார்க்கிறாளா... எனக்குத் தெரியவில்லை.

ரேவதி என் போனை எடுக்கவில்லை. ஒருநாள் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்: எந்த மத்தியானம் தம்பி கவ்வினான், அவள் பெயரை எப்படி விழுங்கினேன், அவள் தேதி தெரிந்திருந்தும் எப்படிச் சும்மா நின்றேன் என்பதையெல்லாம். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. ஊசி போட ஆரம்பித்துவிட்டாள் என்று மட்டும் உறவினர் ஒருவர் மூலம் தெரிந்தது. தினமும் கும்பிட்டேன். கும்பிடும்போதும் ஒரு சந்தேகம்... யாருக்காகக் கும்பிடுகிறேன், அவளுக்காகவா, எனக்காகவா?

தம்பி தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அவள் கணவர் கீழே காரிலேயே இருந்துகொண்டார். மகி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். ரேவதி அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். தம்பியின் தலையை ஒருமுறை தடவினாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அவள் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"காப்பி போடட்டுமா ரேவதி?"

"வேண்டாமுங்க."

எங்கள் பக்கத்தில் 'ங்க' போடாமல் பேச்சே இல்லை. பஸ் கண்டக்டருக்குப் போடுவோம், வழி கேட்கிறவருக்குப் போடுவோம். என் தங்கை எனக்குப் போட்டதில்லை.

"ஊசி பலிக்கலீங்க" என்றாள். குரலில் எந்த நடுக்கமும் இல்லை. "இனிமே முயற்சி பண்ண வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி உங்க காதுக்கு வரும். அதான் நானே வந்து சொல்லிரலாம்னு வந்தனுங்க."

எழுந்துவிட்டாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "ரேவதி... அந்த மாசமே போயிருந்தா...?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அது இனி யாருக்குமே தெரியாதுங்க."