தரையில் கிடந்த பதினொரு கிணறுகள்

மகளுக்கு இரண்டு வயதான 2013 இல், இத்தாலியில் நாங்கள் இருந்த நகரின் லிபெர்த்தா பகுதியில், ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டைக் கூட்டித் துடைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. பிள்ளையையும் கூட்டி வரலாம் என்று சொன்ன ஒரே வீடு அது. அந்த வேலை போனால் வேறு வழி இல்லை. அதனால் எந்தப் பொருளைத் துடைத்தாலும், இருந்த இடத்திலேயே வைத்தேனா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்ப்பேன்.

சிஞ்ஞோரா மண்ணையும் பாறையையும் படித்தவர். கனடாவிலுள்ள ஒரு எண்ணெய் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தார். அங்கே எண்ணெய் மணலோடு ஒட்டித் தார் போல இறுகிக் கிடக்கிறதாம். கிணற்றைக் கீழே இறக்கி, பிறகு படுக்கையாக வளைத்து, மணலின் அடியோடு நெடுந்தூரம் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சற்று மேலே இன்னொரு கிணற்றால் நீராவி விட்டால் எண்ணெய் இளகி வடியும். களிமண் படை குறுக்கிட்டால் நீராவி தடைப்படும். நான் ஊரில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள் என்று அறிந்த நாளிலிருந்து, கோப்பி குடிக்கும்போது இதையெல்லாம் எனக்குச் சொல்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மருந்துக்கடைக்குப் போயிருந்தார். வரவேற்பறைத் தரையில் பதினொரு நீளக் கடதாசிகள் கிடந்தன. எல்லாவற்றிலும் நெளிகோடுகள், எண்கள், சின்ன எழுத்துகள். நான் தடுப்பதற்குள் மகள் ஒன்றின்மேல் ஏறி நின்றுவிட்டாள். எழுத்துள்ள கடதாசியில் கால் பட்டால் எங்களுக்குப் பொறுக்குமா? அவளைத் தூக்கி இறக்கி, அதை எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். மற்றவற்றை மட்டும் காலடியில் விடுவதா? பதினொன்றையும் எடுத்து, இலக்க ஒழுங்கில் அடுக்கி, மேசையில் வைத்தேன். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.

சிஞ்ஞோரா வந்து வெறும் தரையைப் பார்த்தார்.

"கிணறுகள் எங்கே?"

ஒவ்வொரு கடதாசியும் ஏற்கெனவே தோண்டிப் பார்த்த ஒரு கிணறு. நிலத்தில் அவற்றுக்கிடையே உள்ள தூரத்துக்கு ஏற்றபடி, தரையில் அளந்து அளந்து வைத்திருந்தார். முதல்நாள் முழுவதும் செய்த வேலை. நான் குசினிக்குள் போய், பொலிதேயாமா பக்கத்து உணவகம் ஒன்றில் வேலையில் நின்ற கணவருக்கு போன் எடுத்தேன்.

"இஞ்சருங்கோ, வேலை போகப்போகுது போல கிடக்கு."

"என்னத்தையப்பா உடைச்சனி?"

"உடைக்கேல்லை. நிலத்தில கிடந்த பேப்பரை எடுத்துக் கும்பிட்டு வைச்சிட்டன்."

"கும்பிட்டதுக்கு ஆரும் வேலையால நிப்பாட்டுவினமே? விசர்க்கதை கதையாமல் போய் உள்ளதைச் சொல்லு."

போய்ச் சொன்னேன். படிப்புக்குரிய தெய்வம் எழுத்தில் இருக்கிறது, அதில் கால் படக்கூடாது என்று, எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில். சிஞ்ஞோரா முழுவதும் கேட்டார்.

"தெய்வம் இருந்தால் நல்லதுதான். களிமண் எங்கே என்று அதனிடமே கேட்கலாம்" என்று சொல்லி வரைபடத்தை விரித்தார்.

அவர் தூரம் சொல்ல, நான் அளவு நாடாவைப் பிடித்தேன். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள் இரண்டிலும் ஒரே ஆழத்தில் களிமண் இருந்தது. இரண்டும் ஒரே படையா என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். கணினியைத் திருப்பிக் காட்டினார். ஒரே நிலத்தின் அடியை நூறு விதமான படங்களாகச் செய்து வைத்திருந்தார். சிலவற்றில் களிமண் தொடர்ந்தது. சிலவற்றில் துண்டு துண்டாக அறுந்தது. அவற்றில் அதிகமானவற்றுக்கு ஒத்துவரும் பாதையில்தான் கிணற்றை வளைப்பாராம். யாரும் கண்ணால் காணாத ஆழம் அது. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்து வைத்து, அதற்குப் பிறகும் ஒரு கோட்டைப் போட்டுக் கையெழுத்து வைக்கிறார். சளி மருந்து அரைக் கரண்டியா முழுக் கரண்டியா என்று போத்தலைத் திரும்பத் திரும்ப வாசிக்கிற எனக்கு, அவரைப் பார்க்கப் பார்க்க வியப்பாக இருந்தது.

வேலை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரேத்தோ பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் அந்தக் கிழமை முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய் போனபோது, வரவேற்பறைச் சுவர் நெடுகக் கயிறு கட்டி, பதினொரு கடதாசிகளும் உடுப்புக் கிளிப்புகளில் தொங்கின. தூரங்கள் சரியாக இருந்தன. மகள் எட்டிப் பிடிக்க முடியாத உயரம்.

"இனித் தரை முழுவதும் உன்னுடையது" என்றார் சிஞ்ஞோரா. "சன்னல் பக்கமிருந்து தொடங்கு."

நான் வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.