விஜயகலா ஓட்டாத மின்சார ரயில்

விஜயகலா ரயில் ஓட்டுகிறாள் என்று அவள் புருஷன் முத்துவீரன் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. தலையை மட்டும்தான் ஆட்டினான்.

இலங்கையில் ரம்புக்கனைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன் அவன். அவள் வளைகுடா நாடொன்றுக்குப் போய் மூன்று வருஷம். அங்கே நகரத்துக்கு நகரம் ஓடுகிற நாற்பது புது மின்சார ரயில்களைத் துப்புரவு செய்யும் வேலை. ஒருநாள் டிரைவர் அறைக் கண்ணாடியைத் துடைத்து முடித்தவளை, கூட வேலை செய்த ஒருத்தி டிரைவர் சீட்டில் உட்காரவைத்துப் படம் எடுத்தாள். அந்தப் படத்தை முத்துவீரன் டவுனில் ஃபோன் கடை வைத்திருக்கும் இப்திகாரிடம் காட்டினான்.

“கரண்டு கோச்சியா? தங்கச்சிதான் ஓட்டுறாவா?” என்று கேட்டார் இப்திகார்.

கடையில் நாலு பேர் நின்றார்கள். முத்துவீரனின் தலை தானாக மேலும் கீழும் ஆடியது.

அதற்குப் பிறகு அவன் ஒன்றும் செய்யவேண்டி இருக்கவில்லை. அவன் பஸ் ஏறுமுன் செய்தி தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

விஜயகலா ஒரு மாத லீவில் வந்து ரம்புக்கனை ஸ்டேஷனில் இறங்கியபோது இப்திகார் மாலையோடு நின்றார். யாருக்கோ போடப்போகிறார் என்று அவள் ஒதுங்கி வழிவிட்டாள். தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் பெரிய பெனர் ஒன்று கட்டியிருந்தது. அதில் அவள் முகம். கீழே, ‘எங்கள் மண்ணின் மின்சார ரயில் சாரதியே வருக.’

“என்னங்க இது?” என்றாள் ஆட்டோவுக்குள்.

“நான் ஒன்னும் சொல்லல.”

“நான் கக்கூஸ் கழுவுறேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

“மெதுவா பேசு. டிரைவருக்குத் தமிழ் வெளங்கும்.”

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாராட்டு விழா. அதுவரை பேசாமல் இருந்துவிடுவது, மேடையிலும் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவது என்று நினைத்திருந்தாள். வீட்டுக்காரன் மானம் போகக்கூடாது. ஆனால் பொன்னாடை போர்த்தியதும் பள்ளிக்கூட வாத்தியார் அஜந்தன் சேர் மைக்கை அவள் கையில் கொடுத்து, “எத்தனை கிலோமீட்டர் வேகத்துல ஓட்டுவீங்க?” என்று கேட்டார். இதற்குப் பொய் சொன்னால் அடுத்த கேள்விக்கும் சொல்லவேண்டும். அதோடு, மூன்று வருஷமாக முதுகு ஒடியப் பார்த்த வேலையை ஒளித்துவைக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குக் கோபமும் வந்தது.

“நான் ஓட்டலீங்க சேர். கழுவுறேன். எட்டுப் பெட்டி, ஆறு பேரு, பதினெட்டு நிமிஷம்.”

முத்துவீரன் சுற்றாத ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப பெனர்...” என்று எழுந்த இப்திகார், முடிக்காமல் உட்கார்ந்தார்.

“ஆனா அந்த ரயில்ல நான் ஒன்னு செஞ்சேன். அதைக் கேளுங்க,” என்றாள்.

புது ரயில்கள் ஓடத் தொடங்கிய முதல் மாதமே பெரிய தகராறு. கக்கூஸ் கதவு தானாகத் திறக்கிறது, உள்ளே ஆள் இருக்கும்போதே திறக்கிறது என்று முறைப்பாடு குவிந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. எல்லாம் பட்டன். எஞ்சினியர்மார் மோட்டாரை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள், ஒரு கதவைக் கழற்றிக் கப்பலில் திருப்பியும் அனுப்பினார்கள். சோதித்தால் பழுதே இல்லை. தினமும் அதைத் துடைக்கிற விஜயகலாவுக்கு மட்டும் காரணம் தெரிந்தது. மூடுகிற பட்டனில் எப்போதும் கைரேகை அப்பியிருக்கும். அதற்குக் கீழே பூட்டுகிற பட்டன் பளபளவென்று கிடக்கும். கதவு மூடினால் பூட்டிவிட்டது என்று சனங்கள் நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள்; வெளியே யாராவது பட்டனை அமத்தியதும் அது திறந்துவிடுகிறது.

“இங்கிலீசுல சொல்ல எனக்கு வரல. பெரிய எஞ்சினியரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். உள்ள போய் உட்காருங்கன்னேன்.”

“உட்கார்ந்தாரா?” என்றது பின்வரிசை.

“மூடி மேலதான். அவரும் ஒரு பட்டனைத்தான் அமத்துனாரு. நான் வெளிய நின்னு திறந்தேன். அந்தக் கதவு சும்மா பட்டுன்னு திறக்காது, தேர் மாதிரி மெதுவா நகரும். வெளிய பதினொரு எஞ்சினியர்மாரு நோட்டுப்புத்தகத்தோட நிக்கிறாங்க.”

இப்திகாருக்கு அது சரியாக விளங்கவில்லையாம். செய்து காட்டச் சொன்னார். கரும்பலகையைக் கதவாக இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சினியராக உட்கார ஆள் வேண்டியிருந்தது. விஜயகலா புருஷனைப் பார்த்தாள். தப்ப வழியில்லாமல் முத்துவீரன் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். கரும்பலகை மெல்ல மெல்ல விலகியது. அவன் இரண்டு கையாலும் மடியை மறைத்துக்கொண்டு, இருநூறு பேரையும் பார்த்து, “ஆள் இருக்கு,” என்றான்.

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அவனும் சிரித்துவிட்டான்.

“அப்பறம் என்ன செஞ்சாங்க?” என்று கேட்டார் அஜந்தன்.

“பூட்டுற பட்டனைப் பெரிசாக்கி, சிவப்பு லைட் போட்டாங்க. பூட்டலன்னா ஒரு பொம்பளைக் குரல் சொல்லும். நாற்பது ரயில்லயும் மாத்திட்டாங்க. எனக்கு ஒரு சர்டிபிகேட் குடுத்தாங்க. அதுல பேரைத் தப்பா அடிச்சிருக்காங்க.”

மறுநாள் காலை அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்து லயத்து வீட்டுக் கோகிலாவும் வேறு இரண்டு பெண்களும் பாஸ்போட்டோடு வந்து நின்றார்கள். அந்த வேலைக்கு எப்படி எழுதிப்போடுவது, எத்தனை வயது வரை எடுப்பார்கள் என்று மாறி மாறிக் கேட்டார்கள்.

விஜயகலா பாஸ்போட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “அதெல்லாம் பொறகு. பதினெட்டு நிமிஷமும் குந்திக் குந்தித்தான் கழுவணும். மொதல்ல மூணு பேரும் குந்தி எழும்புங்க பாப்போம்,” என்றாள்.

கோகிலா ஏழாவது தடவையில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.