கப்பல் வராத நாளுக்கு வைத்த நூல்

எங்கள் தீவில் கடைக்கு ஒரு பொருள் வந்தால், அது தேவையா என்று யாரும் யோசிப்பதில்லை. அடுத்த கப்பல் எப்போதோ என்று நாலு சேர்த்து வாங்கிவிடுவோம். என் பீரோவில் புடவை இருக்க வேண்டிய தட்டெல்லாம் பருத்தி நூல் கோன்கள். ஒவ்வொரு முறையும் சென்னையிலிருந்து நானே சுமந்து வந்தவை. என் தையல்கடைக்கு எதிர்க்கடை பாய் விற்கும் நூலைத் தொட்டால் என் கௌரவம் என்ன ஆவது?

அன்று மாலை நாலு மணிக் கப்பலில் தெற்கே கடைசித் தீவிலிருக்கும் கேம்பல் பேக்கு முப்பது பள்ளிச் சீருடைகள் போயாக வேண்டும். சுதந்திர தின அணிவகுப்புக்கு. அதை விட்டால் அடுத்த கப்பல் அணிவகுப்பு முடிந்த பிறகுதான். இருபத்துநாலு முடிந்து, கையிலிருந்த புது கோனும் தீர்ந்தது. பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து பவர் தையல் மிஷினில் மாட்டினேன். நூல் அறுந்தது. கோத்தேன், அறுந்தது.

ஊசியை மாற்றினேன். நூலை இறுக்கும் டென்ஷன் திருகைத் தளர்த்தினேன், தையல்தான் தொளதொளத்தது. அடிநூல் பாபின் பெட்டியைத் துடைத்தேன். எங்காவது கீறல் இருக்கிறதா என்று நூல் போகும் வழியெல்லாம் விரலால் தடவினேன். எண்ணெய் விட்டேன், திட்டவும் திட்டினேன். மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர், உப்புக்காற்றுதான் காரணம், மெயின்லேண்டிலிருந்து மெக்கானிக் வரவேண்டும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அவருக்குக் கதவு கீச்சிட்டாலும் உப்புக்காற்று, முட்டி வலித்தாலும் உப்புக்காற்று. ரசத்தை அவரையே ஊற்றிக்கொள்ளச் சொன்னேன்.

என்னிடம் பொத்தான் தைக்கும் பெங்காலிப் பெண் காலையிலிருந்து ஏதோ சொல்ல வந்து, நான் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது எழுந்து வந்து, கோனிலிருந்து ஒரு முழம் உருவி இரண்டு கையாலும் லேசாக இழுத்தாள். அறுந்தது. பீரோவிலிருந்து இன்னொரு கோன் எடுத்தாள். அதுவும் அப்படியே.

“மிஷின் டீக் ஹை, தீதி. தாகா சட் கயா.”

மிஷினுக்கு ஒன்றுமில்லை, நூல்தான் இற்றுப்போயிருக்கிறது. எத்தனை மழைக்காலத்து ஈரம் குடித்த நூலோ! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாதி ஆத்திரம், பாதி வெட்கம்.

எதிர்க்கடைக்கு ஓடினேன்.

“என்னக்கா, மெட்ராஸ் நூல் தீந்துடுச்சா?” என்றார் பாய்.

தீர்ந்துவிட்டது என்று கூசாமல் புளுகினேன். அவர் நூல் ஒரு தடவைகூட அறுபடவில்லை. மீதி ஆறு சீருடையும் முடிந்து, மூட்டை கப்பல் ஏறியது. கப்பல் துறையிலிருந்து திரும்பும்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

பழைய கோன்களையெல்லாம் அன்றே தூக்கி எறிந்தேன். தட்டுகள் காலியாகக் கிடந்தன. பார்க்கவே பகீரென்றது. நேரே பாய் கடைக்குப் போய், இருக்கிற கோன் அத்தனையும் கட்டச் சொன்னேன். அடுத்த கப்பல் எப்போதோ!

இரண்டு மழைக்காலம் போயிற்று. போன வாரம் பாயிடம் வாங்கியதில் ஒன்றை எடுத்து லேசாக இழுத்துப் பார்த்தேன். அறுந்தது. அந்தப் பெண் பார்ப்பதற்குள் பீரோவைச் சாத்திவிட்டேன்.