சீமெண்ணெய்ப் புனல்

அந்தப் பித்தளைப் புனலில் சீமெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வருகிறது, வாடை அப்படியே நிற்கிறது. ஒரு பக்கம் ஊமத்தம்பூப் போல விரிந்து, மறுபக்கம் வளைந்து ஒல்லியாகி, நுனியில் துளையுள்ள ஒரு தந்தக் குமிழோடு முடியும். அதை வைத்துப் புழங்கியவள் என் அத்தை, அப்பாவின் தங்கை.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு பெரிய அதிகாரியின் பங்களாவில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அப்பா ஒரு கூடை நிறைய வாங்கி வந்தார். பாதிச் சாமான் எதற்கென்று அவருக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது அத்தையின் வேலையாயிற்று. காய்ச்சலில் காது போய், நிச்சயமான கல்யாணமும் நின்று, அண்ணன் வீட்டோடு தங்கிவிட்டவள் அவள். பக்கத்தில் கொட்டு அடித்தால் மட்டும் ஏதோ இரைகிறது என்பாள். வீட்டில் அவளுக்குப் பெயரே ‘செவிடி’தான். நாலு பேர் வந்தால் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொள்வாள். ஆனால் சாமான் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. “கையில எடுத்துப் பாருடி. அது ஒடம்புல எங்கிட்டுப் போயி நிக்கிதோ, அங்கிட்டுத்தான் அதோட வேலை” என்பாள். பூட்ஸ் கழற்றும் கட்டையை, செருப்பே போட்டறியாத அவள்தான் கால் வைத்துப் பார்த்துச் சொன்னாள்.

புனலிடம் மட்டும் தோற்றாள். கண்ணில் வைத்துப் பார்த்தாள். வாயில் வைத்து ஊதினாள். அப்பா சிரித்துவிட்டு, எண்ணெய் ஊற்றுவதுபோல் சைகை காட்டினார். அன்று முதல் வீட்டு விளக்குகளுக்கெல்லாம் அத்தை அதில்தான் சீமெண்ணெய் ஊற்றினாள். நான் புனலைப் பிடித்துக்கொள்வேன். நான் பேசினால் அவள் என் உதட்டையே பார்ப்பாள். நான் பிறக்கும் முன்பே அவளுக்குக் காது போய்விட்டது. “ஒங் கொரலு எப்படிடி இருக்கும்?” என்று கேட்பாள்.

அத்தை செத்துப்போன பிறகு அப்பாவுக்கும் காது மந்தமானது. திருச்சியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கண்ணாடி அலமாரியில் அதே புனல்.

“எங்க வீட்லயும் இருக்குங்க, சீமெண்ணெய் ஊத்த” என்று சிரித்தேன்.

“காதுல வச்சுக் கேக்குறதும்மா அது. கொஞ்சமாச்சும் காது கேக்குறவங்களுக்கு ரொம்ப உதவும்” என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து புனலைக் கழுவி, அப்பாவின் காதில் வைத்து, “அப்பா” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். “கேக்குதுத்தா” என்றார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு தங்கையின் பெயரைச் சொல்லி அழுதார். அதற்கப்புறம் அதை அவர் தொடவே இல்லை. அவர் சாகும்வரை நாங்கள் கத்தித்தான் பேசினோம்.

போன வாரம் என் பேத்தி அந்தப் புனலை எடுத்தாள். “எதுக்குன்னு சொல்லு பாப்போம்” என்றேன். எடுத்த எடுப்பில் காதில் வைத்தாள். அவ்வளவு கெட்டிக்காரியான அத்தையின் கை மட்டும் ஏன் அங்கே போகவில்லை என்று இத்தனை காலம் நினைத்து நினைத்து மாய்ந்திருக்கிறேன். என் பேத்தியை யாரும் செவிடி என்று கூப்பிட்டதில்லை.