குழாய் எடுக்கிற அய்யாத்துரை

அய்யாத்துரை தேனியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். சொந்த வண்டி. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் அந்த வண்டிக்கு ஒரு வேலைதான் அதிகம் வரும். கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.

எங்கள் பக்கத்தில் உயிர் வீட்டில்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனால் ஊர் வாய் சும்மா இருக்காது. அதனால் டாக்டர் கையை விரித்ததும், தொண்டைக்குள் விட்ட குழாயோடு அப்படியே ஆளை வண்டியில் ஏற்றுவார்கள். குழாயின் முனையில் ஒரு பை இருக்கும். வழியெல்லாம் அதை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு வருகிறவர்கள் சுவாச சிகிச்சை படிக்கிற பிள்ளைகள். நர்சா என்றால் இல்லை, டாக்டரா என்றால் அதுவும் இல்லை. என்ன படிப்பு என்று பெற்றவர்களுக்கே சொல்ல வராது. வீட்டில் கிடத்தியதும் சொந்தங்கள் ஆளுக்கொரு வாய் பால் ஊற்றுவார்கள். பிறகு அந்தப் பிள்ளை குழாயை எடுத்துவிட வேண்டும்.

ஜெபா என்று ஒருத்தி இருந்தாள். முதல் தடவை குழாயை எடுத்துவிட்டு, நான்தான் கொன்றேன் என்று சின்னமனூர் வரைக்கும் அழுதுகொண்டு வந்தாள். அப்புறம் காலேஜ் பக்கமே போகவில்லை. பஜாரில் துணிக்கடையில் நின்றாள். அய்யாத்துரைக்கு மனசு ஆறவே இல்லை. அன்றிலிருந்து எந்தப் பிள்ளையையும் அவர் குழாயைத் தொட விடுவதில்லை. பால் ஊற்றும்போதே வண்டிக்கு அனுப்பிவிடுவார். பாவம் வந்தால் தன்னோடு போகட்டும், படிக்கிற பிள்ளைகள் படித்துக் கரையேறட்டும் என்பது அவர் கணக்கு. குழாயைத் தொண்டைக்குள் நிறுத்தி வைக்கிற குட்டி பலூனின் காற்றைச் சிரிஞ்சால் இறக்கி, பிளாஸ்திரியைப் பிய்த்து, உருவ வேண்டியதுதானே. பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டார். பெரிய மனசுதான், யார் இல்லை என்றது?

அன்றைக்கு வந்தவள் மகிமா. போடிக்காரப் பிள்ளை. ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டக்காரர் கர்ணனை ஏற்றிக்கொண்டு போனார்கள். வீரபாண்டி தாண்டும்போது பையை அமுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, இந்தப் படிப்பே வேணாம்னு தோணுது. இன்னைக்கு இவுகளுக்கு நாந்தான் எடுக்கணும்னா, நாளைக்கு நான் வர மாட்டேன்."

இன்னொரு ஜெபாவா? விடக் கூடாது என்று அய்யாத்துரை மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"நீ ஏன் ஆத்தா எடுக்குற? நான் இருக்கேன்ல," என்றார்.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தது. கர்ணனின் மனைவி பஞ்சம்மாள் முதலில் பால் ஊற்றினாள், பிறகு மகள் அனுசுயா, பிறகு பங்காளிகள். பையை அய்யாத்துரை வாங்கிக்கொண்டு மகிமாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் தப்பித்தோம் என்று ஓடினாள்.

அய்யாத்துரை குழாயை உருவினார். எப்போதும் போல எல்லாரும் காத்திருந்தார்கள்.

கர்ணனின் நெஞ்சு ஏறி இறங்கியது. நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. மறுபடியும் ஏறியது.

"அம்மா, அப்பா தானா மூச்சு விடுறாக," என்றாள் அனுசுயா. பஞ்சம்மாள் கணவரின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அய்யாத்துரைக்குக்கூட, டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்று ஒரு சந்தோஷம் வந்தது.

அப்புறம் தொண்டைக்குள் கொரகொரவென்று சத்தம் கேட்டது. முகம் நீலம் பாய்ந்தது. மனுஷர் மூச்சுக்குத் தவித்தார். அய்யாத்துரை பையை எடுத்தார், கீழே வைத்தார், தலையைத் தூக்கிப் பார்த்தார். என்ன செய்வதென்று ஒரு மண்ணும் தெரியவில்லை. தெரிந்தவளை அவர்தான் வெளியே அனுப்பியிருந்தார்.

"ஏ ஆத்தா, மகிமா, ஓடி வா," என்று கத்தினார்.

அவள் வண்டியில் இருந்த, சளி உறிஞ்சுகிற மிஷினோடு ஓடி வந்து, மெல்லிய குழாயைக் கர்ணனின் தொண்டைக்குள் விட்டாள். வெள்ளையாக வந்தது. இழுக்க இழுக்கப் பால்தான் வந்தது. அவள் நிறுத்தவில்லை. அவள் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கர்ணனின் நெஞ்சு அடங்கிவிட்டது.

"நல்லாத்தானய்யா மூச்சு விட்டாக," என்றாள் பஞ்சம்மாள். பிறகு அழுகை எழுந்தது.

வண்டிக்கு வந்ததும் மகிமா கேட்டாள்.

"எடுக்கிறதுக்கு முன்னாடி தொண்டையில கெடந்த பால உறிஞ்சுனீகளா?"

"அது எதுக்கு?"

"குழாய் இருக்கிற வரைக்கும் பால் மேலயே நிக்கும்ணே. பலூன் காத்த எறக்குனா நேரா நுரையீரலுக்குப் போயிரும்." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவுக பொழச்சிருக்க மாட்டாக. ஆனா சாயங்காலம் வரைக்கும் இருந்திருப்பாக. இப்படித் தவிச்சுப் போயிருக்க மாட்டாக. நாளைக்கு நான் வருவேன். இனி நாந்தான் எடுப்பேன். என்னய வெளிய அனுப்பாதீக."

அவள் படிப்பை விடப் போவதில்லை. அவர் ஆசைப்பட்டது அதற்குத்தானே. அய்யாத்துரை சாவியைத் திருகினார். இன்ஜின் ஓடியது, ஆனால் அவர் கியரைத் தொடவில்லை.

"ஆத்தா," என்றார். "இதுக்கு முந்தி நான் எடுத்தவுகளுக்கெல்லாம்?"

மகிமா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லா வீட்டுலயும் பால் ஊத்துனாக ஆத்தா," என்றார் அய்யாத்துரை.