மாப்பிள்ளை முறுக்கு

மூச்சை அடக்கிக்கொண்டுதான் என் மனைவி முடிச்சுப் போடுவாள். தையல் நூலைப் பிரித்து ஓர் இழையை இடுக்கியால் உருவி, நுண்ணோக்கிக்கு அடியில், கண்ணாடி ஊசியின் முனையில் மாட்டிய ரத்தக்குழாயைக் கட்டுவாள். எலியின் மூளையிலிருந்து எடுத்தது; தலைமயிரைவிடச் சற்றே தடிமன். "அவனவன் பாலம் கட்டறான். நான் இதைக் கட்டிட்டிருக்கேன்" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள்.

வீட்டில் அவளுக்கு ஒரு பார்சல் கயிற்றை அவிழ்க்கத் தெரியாது. பல்லால் கடிப்பாள். சட்டைப் பொத்தான் தைப்பது நான்.

குழாய்களுக்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. "சூடு கொஞ்சம் கூடினாலும் மூஞ்சியைத் தூக்கிக்கும். தாஜா பண்ணியே என் ஆயுசு போகுது. வீட்லயும் ஒண்ணு இருக்கா, பழகிப்போச்சு."

அந்த வீட்டு மாப்பிள்ளையான நான், அன்று அவள் மறந்துபோன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். மேசைமுன் வாடிப்போய் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் தானாக இறுக வேண்டுமாம். பல நாளாக எதுவும் இறுகவில்லை. இன்றும் இல்லையென்றால் மேசையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார். காலையில் இரண்டு குழாய்கள் துவண்டு கிடந்தன. மிச்சம் இது ஒன்றுதான்.

"அழுத்தம் ஏத்தற திருகு இது. நீங்க திருப்புங்க, நான் திரையைப் பாக்கறேன்."

திருப்பினேன். திரையில் குழாய் புடைத்தது. "ஐயோ, வெடிச்சிடும்போல!" என்று கையை எடுத்துவிட்டேன்.

"பதறாதீங்க. மொதல்ல வீங்கத்தான் செய்யும்."

பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குழாயின் இரு சுவர்களும் மெல்ல, மிக மெல்ல உள்ளே நகர்ந்தன. முன்பிருந்ததைவிடவும் ஒடுங்கி, விறைப்பாக நின்றது.

"முறுக்கிக்கிச்சு!" அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள். "யாரும் சொல்லல பாத்தீங்களா? மூளை, நரம்பு எதுவும் இல்ல. குழாய்ச் சுவர்ல இருக்கிற தசையே தெரிஞ்சு செய்யுது. இது இறுக்கிப் பிடிக்கலன்னா, பின்னாடி இருக்கிற மெல்லிசு குழாயெல்லாம் பிஞ்சிடும்."

"எனக்குள்ளயுமா?"

"பின்னே? பிரஷர் மாத்திரை வேணாம், எனக்கு ஒண்ணுமில்லன்னு திரியறீங்களே. உள்ளே இதுங்கதான் பல்லைக் கடிச்சுட்டு நிக்குது. எத்தனை காலம் நிக்கும்?"

தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, கல் மாதிரி இருக்கிறேன் என்று கண்டவரிடமெல்லாம் மார்தட்டியிருக்கிறேன். கல் மாதிரி இருந்தது நான் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மாலையே மாத்திரை வாங்குவதாகச் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் துறைத்தலைவரின் குரல் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரைக் கூப்பிடக் கதவை நோக்கிப் பாய்ந்தேன்.

"இருங்க, அது கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். அப்புறம் இன்னொரு தடவை காட்டலாம்."

ஒரு கையால் என் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மறுகையால் திருகைத் திருப்பி அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தாள். திரையில் குழாயின் இறுக்கம் தளரும்வரை என்னை விடவில்லை.