கிழக்கையே பார்த்து நின்ற பூ

பங்குனியில் அருவியில் தண்ணீர் இல்லை. குற்றாலத்துக்கு வந்த கூட்டமெல்லாம் அறிவியல் காட்சியகத்தில் இருந்தது. அங்கே வசந்தகாலக் கண்காட்சியில் என் கவிதையை வாசிக்க அழைத்திருந்தார்கள். நாளெல்லாம் சூரியனோடு திரும்பும் சூரியகாந்தியைப் பற்றியது. என் பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்த கவிதை.

வாசித்து முடித்ததும், ஒரு பூவின் முழுப் பகலையும் திரையில் ஒரே நிமிடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். வெயில் மேற்கே போனது. மலர்ந்த பூ கிழக்கையே பார்த்து நின்றது. மொட்டாக இருக்கும்போதுதான் திரும்புமாம். பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த என் சிநேகிதன் முருகையாவும் சிரித்தான்.

படம் எடுத்தது அவனுடைய சுந்தரபாண்டியபுரத்து வயலில். அந்தக் கவிதையை எழுதுமுன், பூ திரும்புமா என்று நான் கேட்டதும் அவனிடம்தான். "ஆமா, திரும்பும்" என்றிருந்தான்.

"ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும். நீ அவ்வளவு ஆசையா கேட்டே. பூ திரும்பினா யாருக்கு நட்டம்னு விட்டுட்டேன்."

"பதினஞ்சு வருசமாவாலே?"

"நீ ஒரு நாளாவது சாயங்காலம் வரைக்கும் வயல்ல நின்னியாலே?"

நின்றதில்லை. காலை பத்து மணி பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறவன் நான்.

இப்போதும் யாராவது அந்தக் கவிதையைப் பாராட்டினால், இவருக்கும் தெரியுமோ என்றுதான் முதலில் முகத்தைப் பார்க்கிறேன்.